பதினேழாம் எண்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை,
மயூர் விஹார் சமூகக் கூடத்தில்
யோகா வகுப்பு பாய் சுருட்டிப் போன பிறகு
எங்கள் கிளப் கூடும்.
புரொஜெக்டர் யாருடையது என்று யாருக்கும் நினைவில்லை.
இடது ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு விழும்;
எந்தப் படமானாலும் அதில் ஒரு நூல் மாலை வெயில்.

படங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்.
யார் எடுத்தது என்று நடுவருக்குத் தெரியக் கூடாதாம்.
அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.
அடிவானம் வலப்பக்கம் சரிந்திருந்தால் இம்மானுவேல்.
மாதுளைச் சிவப்பும் மயில்கழுத்து நீலமும்
கொப்பளித்து வழிந்தால் ஹர்லீன்.
கறுப்பு வெள்ளையில் ஒரு நாற்காலி
மனமுடைந்து நின்றால் அது பூமா.
நான் கணக்கு எழுதுகிறவள்:
சந்தா, சமோசா, எக்ஸ்டென்ஷன் வயர்.
படத்தைப் பார்த்து யாரும் என் பெயரைச் சொன்னதில்லை.

ஜனவரிப் போட்டித் தலைப்பு, தனிமை.

அதற்காகப் பத்தொன்பது பேர்
நான்கு கார், ஒரு ஆட்டோவில்
இருட்டோடு யமுனைக் கரைக்குப் போனோம்.
நான்காம் படிக்குக் கீழே
நதியை அழித்து வைத்திருந்தது பனி.
படகுக்காரர் ராம்சஜீவன்
ஓமப்பொடிப் பொட்டலம் பிரித்து "ஆவ், ஆவ்" என்றதும்
தலைக்கு மேல் ஆயிரம் வெள்ளைச் சண்டை.
தலைப்பு அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.
போன வாரம் நொய்டாக்காரர்கள் வந்து போனார்களாம்.
"துடுப்பைத் தூக்கி நிற்கவா,
தலை குனிந்து உட்காரவா?
குனிவதற்கு ஐம்பது ரூபாய் கூடுதல்."
கொடுத்தோம். குனிந்தார்.
புளியங்கொட்டையைத் தரையில் கொட்டினாற்போல
பத்தொன்பது ஷட்டர்கள்.

என் வலப்பக்கம் ஜுட்ஷி.
நாலு வருஷ உறுப்பினர்.
ஒரு போட்டிக்கும் படம் தந்ததில்லை,
"அடுத்த மாதம்" என்பார்.
சந்தா மட்டும் ஏப்ரல் முதல் தேதியே வந்துவிடும்.
முழங்காலிட்டு, மூச்சடக்கி,
எண்ணி எண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.
அவர் கேமராத் திரையின் மூலையில்
சிவப்பாக மினுக்கியது:
கார்டு இல்லை.

சொல்ல வாய் திறந்தேன்.
அவர் அதைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஃபோகஸ் வளையத்தை ஒரு மயிரிழை திருப்பி
இன்னொன்று எடுத்தார்.

கூடத்தில் வரிசையாக வந்தன தனிமைகள்.
இருபத்திரண்டில் பதினான்கு
அதே படகு, அதே குனிந்த தலை.
ஆளாளுக்கு மற்ற பதினெட்டுப் பேரையும்
பக்குவமாக வெட்டி எறிந்திருந்தார்கள்.
ஒன்பதாவது படகில் நடுவர் பாக்ச்சி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பதினொன்றாவதில்
"இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா?" என்றார்.

பதினேழு என்னுடையது.
வலது கீழ்மூலையில் ஒரு முழங்கை:
சாம்பல் ஸ்வெட்டர்,
பழுப்புத் தோல்பட்டையில் கைக்கடிகாரம்.
"அதை வெட்டியிருந்தால் எட்டு. இப்போது ஐந்து."
ஐந்து என்று நோட்டில் நானே எழுதினேன்.
மறந்துபோய் விட்டதில்லை.
முந்தின ராத்திரி வெட்டிப் பார்த்தேன்.
மிச்சம் இருந்தது
ஐம்பது ரூபாய்க்குக் குனிந்த ஒருவர்.

இரண்டாம் வரிசையில் ஜுட்ஷி
இடது மணிக்கட்டின் மேல்
வலக்கையை மூடி வைத்துக்கொண்டார்.
அன்றைக்கும் அதே பட்டைதான்.
"மணி என்ன? சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்,"
பின்னாலிருந்து ஹர்லீன்.
அவர் கையை எடுக்கவில்லை.
திரையை உற்றுப் பார்த்து
"ஏழு இருபது" என்றார்.
கூடம் சிரித்தது.
அப்போது இரவு எட்டே முக்கால்.

முதல் பரிசு, ஒரு டிரைபாட் பை,
பூமாவின் நாற்காலிக்குப் போயிற்று.

விளக்கு போட்டதும் வயரைச் சுருட்டக் குனிந்தேன்.
மறுமுனை ஏற்கெனவே அவர் கையில்.
"அடுத்த மாதம் என்ன தலைப்பு?"
"கதவுகள்."
"தருகிறேன்," என்றார்,
உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கும்
முழங்கையிலிருந்து உள்ளங்கைக்குமாக
வயரைச் சுற்றிக்கொண்டே.