கூட்டல் ஒண்ணு

வஞ்சிபாளையம் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம்
எங்கள் மொட்டை மாடி.
ராத்திரி ஒன்பதரைக்கு மேல்
கூட்ஸ் வண்டி வருவது
முதலில் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குத்தான் தெரியும்.
லேசாகக் கிடுகிடுக்கும்.
"வருதுங்" என்பேன்.
சாப்பிட்ட கையோடு ஏறி வருவார்.

ஒற்றையா, இரட்டையா?
தோற்றவர் காலையில் டீ வைக்க வேண்டும்.
இவ்வளவுதான் விளையாட்டு.
சினிமாவுக்குப் போய் மூன்று வருசம்.
ஊட்டிக்குப் போனது கல்யாணமான புதிதில்,
அன்றைக்கும் மழை.

இவர் கட்டிங் மாஸ்டர்.
பனியன் துணியை நூறு மடிப்பாய் அடுக்கி
ஒரே ஓட்டத்தில் நூறு முதுகு வெட்டுகிறவர்.
பத்துப் பெட்டிக்கு ஒரு விரல் மடக்குவார்.
எனக்கு டஜன் கணக்குதான் வரும்.
வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டி
டஜனுக்கு இத்தனை என்று
பதினோரு வருசமாக எண்ணிப் பழகிய வாய்.

சிமெண்டு வண்டி தூள் பறக்கப் போகும்.
இருகூர்ப் பக்கம் போகிற எண்ணெய் டேங்கர்கள்
வயிறு நிறைந்த எருமைகளாக
ஒன்றன் பின் ஒன்று அசைந்து போகும்.
கன்டெய்னர் வந்தால் மட்டும்
இவருக்கு எண்ணிக்கை தவறிவிடும்.
"நம்ம கம்பெனிச் சரக்கும் இதுல இருக்கும் பாத்துக்கோ."
எந்தத் தேசத்துக்காரன் முதுகோ
இவர் வெட்டினது.

சண்டை வருவது கடைசிப் பெட்டியில்.
கார்டு உட்கார்ந்திருக்கிற சின்னப் பெட்டி.
"அது ஆள் இருக்கற பெட்டி,
சரக்குல சேராது" என்பார்.
"சக்கரம் இருக்குதல்லோ,
தண்டவாளத்துல ஓடுதல்லோ" என்பேன்.
அவருக்கு ஐம்பத்தெட்டு.
எனக்கு நாலு டஜனும் பதினொன்றும்.
அவரவர் கணக்கில் அவரவர் ஜெயித்துப் படுப்போம்.
காலையில் ஆறே முக்கால் வரை
யார் முதலில் எழுவதென்று
கண்ணை மூடிக்கொண்டு
ஒருவர் மூச்சை ஒருவர் உளவு பார்ப்போம்.

ஒரம்பரை வந்திருந்த நாத்தனார் கேட்டார்:
"ஏ விஜயமணி, ஊட்ல டீவி ஓடறதில்லையா?"
ஓடுதுங்க, ஆனால் அதில்
எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.

ஆடிக் காற்று துணிக்கொடியை அறுத்த சனிக்கிழமை.
சம்பள நாள். சட்டைப்பை கனத்து
நல்ல மனசோடு இருந்தார்.
சிக்னல் விழாமல் வண்டி நின்றது;
கார்டு பெட்டி சரியாக எங்கள் வாசலுக்கு நேரே.
வெள்ளைச் சட்டை, கையில் டார்ச்சு.
"அம்மா, கொஞ்சம் தண்ணி."

பாட்டிலோடு நான் ஜல்லியில் கால் வைப்பதற்குள்
இவர் முந்திக்கொண்டார்:
"சார், ஒரு சந்தேகமுங்."
அந்த மனுசர் பாதி குடித்தார்,
சிரிக்காமல் முழுக் கதையும் கேட்டார்,
பையிலிருந்து ஒரு தாள் எடுத்து
டார்ச்சு அடித்துக் காட்டினார்.
"நாங்க இப்படித்தான் எழுதறது.
அம்பத்தெட்டு, கூட்டல் ஒண்ணு."

ஊதல் கேட்டது. வண்டி நகர்ந்தது.
எங்கள் பாட்டிலும் அதில் போனது.

இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
அந்தக் கூட்டல் குறியை
யார் பக்கம் சேர்ப்பது?
காலையில் இரண்டு பேருமே ஒரே நேரத்தில் எழுந்து
அடுப்படியில் முட்டிக்கொண்டோம்.
டீ வைத்தது யாரென்று ஞாபகமில்லை.
சர்க்கரை எச்சாகிவிட்டது, அது ஞாபகமிருக்கிறது.

அப்புறம் பத்து நாள் மாடிக்குப் போகவில்லை.
ஒன்பதரைக்கு மேல் தொட்டி மூடி
தானாகக் கிடுகிடுத்துத் தானாக அடங்கியது.
அவர் செல்போனைப் பார்த்தார்.
நான் நாளைக்குரிய பிசிறை இன்றைக்கே வெட்டினேன்.

நேற்று அரிசிம்பருப்புச் சோற்றைப் பிசைந்தபடி
தட்டைப் பார்த்துக் கேட்டார்:
"முன்னால எஞ்சின் ரெண்டு மாட்டியிருந்தா?"

"ரெண்டுந்தான் கணக்கு."

"இழுக்கறதை எப்பிடிடீ எண்ணுவாங்க?"

"எண்ணாம? அதுபாட்டுக்கு இழுத்துட்டே இருக்கட்டுமா?"

மூடி கிடுகிடுத்தது.
அடுப்பை அணைத்தேன்.
படியில் இவருக்கு முன்னால் ஏறினேன்.
புதுப் பாட்டில் வாங்க வேண்டும் என்பதை
நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.