ஒரு சாண் வெளியே

இரண்டாவது இன்னிங்ஸ், பதினோராவது ஓவர்.
பாலாடா பக்கமிருந்து
கேத்தி மைதானத்துக்குள் ஏறி வந்தது மஞ்சு.
முதலில் பவுண்டரிக் கொடிகள் போயின,
பிறகு அம்பயரின் தொப்பி,
கடைசியாகக் கீப்பரின் சிவப்பு ஸ்வெட்டர்.
ஆட்டம் நின்றது.
மைக் நிற்கவில்லை.

"பேசிட்டே இருங்கண்ணே, கூட்டம் கலைஞ்சிடும்"
என்றார் கமிட்டிக்காரர்.
பெள்ளிராஜ் மைக்கை இடக்கைக்கு மாற்றினார்.
வலத்தோள் வாய் உயரத்துக்குக்கூட ஏறாது இப்போது.
கோவையில் எடுத்த எக்ஸ்ரேயை
உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதில்
வீட்டில் ஒட்டியிருக்கிறார்.
வெயில் நாளில் அந்தத் தோள் தரையில் விழும்.

பதினெட்டு வருடம் வேகமாகப் போட்டவர்.
களத்தில் வாயைத் திறந்ததில்லை,
அப்பீலுக்கும் ஒரு புருவம்தான்.
இப்போது நாளுக்கு எண்ணூறு, மதியம் பிரியாணி,
எவன் என்ன போட்டாலும் "அருமையான பந்து."

உரக்கடை விளம்பரம் வாசித்தார்.
காணாமல் போன பர்ஸ் ஒன்றை அறிவித்தார்.
பர்ஸ் கிடைத்துவிட்டதையும் அறிவித்தார்.
அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லாமல்
பள்ளத்தாக்கு முழுக்க
அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"தொண்ணூத்தி நாலு ஃபைனல்," என்றார்.
"எல்லநள்ளி போஜராஜ் எண்பத்தெட்டுல நிக்கறான்.
நடு ஸ்டம்ப் பறந்துச்சே, ஞாபகம் இருக்கா,
அது நோ-பால்.
என் கால் ஒரு சாண் வெளியே.
அம்பயர் அந்த நேரம் பார்த்துத் தும்மினாரு.
நான் தும்மல."

என் பென்சில் நின்றது.
அந்த வருட நோட்டும் நான் எழுதியதுதான்.
'பவுல்டு, பெள்ளிராஜ்' என்று
இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தேன்.
விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆலை வேலை
ஒன்றே ஒன்று இருந்த வருடம்.
கோப்பையோடு போய் அவர் சேர்ந்தார்.
போஜராஜ் லாரி ஓட்டப் பழகினான்.

பந்தலில் யாரோ சிரித்தார்கள், கதை விடுகிறார் என்று.
கமிட்டிக்காரர் கழுத்தருகே கையை இழுத்துக் காட்டினார்,
போதும் என்று.

கீழே கேரட் கழுவும் இடத்தில்
லாரிகள் வரிசையாக நிற்கும் நேரம்.
ஒன்றும் தெரியவில்லை.
அதில் ஒன்று யாருடையது என்று
இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஹாரன்.
நீளமாக.
வைதானா, சிரித்தானா,
முன்னால் நின்ற எருமையை விரட்டினானா?
ஹாரனுக்கு முகமில்லை.

"ஃப்ரீ ஹிட் குடுத்திருப்பாங்க,"
என்று மைக்கில் மெதுவாகச் சொன்னார்.
"அந்தக் காலத்துல அது கிடையாது."

தொப்பி தெரிந்தது, ஸ்வெட்டர் தெரிந்தது.
பையன்கள் கையை உதறிக்கொண்டு ஓடினார்கள்.
முதல் இரண்டு பந்துக்கு ஸ்பீக்கரில் சத்தமில்லை.
குன்னூர்ச் சாலையில்
வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி
ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது,
அவர் முகம் அந்தப் பக்கமே இருந்தது.

மூன்றாவது பந்து வைடு.
அதைச் சரியாகச் சொன்னார்.