சந்தா முடிய இன்னும் ஆறு நாள்

திரையின் வலது மூலையில்
சிவப்புப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்துச் சொல்கிறது:
நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்.

இருக்கிறேன்தான்.
நாளை இருபதாம் தேதி.
பாடி லேத் பட்டறைக்காரர்கள் பதினோரு பேரின்
ஜிஎஸ்டி கணக்கு இன்னும் ஏறவில்லை.
இந்தக் கணினி விழித்து உட்கார ஒன்பது நிமிடம்.
அதற்குள் மெட்ரோ வாட்டர் லாரி
கொளத்தூர்த் தெருமுனைக்கு வந்து
சண்டை நடந்து, குடங்கள் நிரம்பி,
போயும் விடுகிறது.

உள்ளே மூன்று பேர் காவலுக்கு.
ஒருவர் கணினியோடு வந்தவர்,
சம்பளம் கேட்டதில்லை, சத்தமும் கேட்டதில்லை.
இரண்டாமவர், மவுஸ் வாங்கப் போன என் தலையில்
ரிச்சி தெரு இம்தியாஸ் கட்டியது:
"மூணு வருஷம் மேடம், கண்ண மூடிட்டுத் தூங்கலாம்."
மூன்றாமவரை வைத்தது என் வீட்டுக்காரர்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம்
வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன
மிக மரியாதையான குரலுக்கு
ஆறு எண்களை ஒவ்வொன்றாக,
வாய்ப்பாடு ஒப்பிக்கும் பையனைப் போல,
சொல்லி முடித்தார் தணிகாசலம்.
முப்பத்தெட்டாயிரம்.
அன்றிரவு சாப்பிடவில்லை.
ஒரு மணிக்கு எழுந்து வந்து பார்த்தேன்:
திரை வெளிச்சத்தில் முகம்,
ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன் என்று
கேட்டதையெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தார்.

மூவருக்கும் ஒத்துப்போகவில்லை.
இரண்டாமவர் மூன்றாமவரைத் திருடன் என்கிறார்.
மூன்றாமவர் இரண்டாமவரின்
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சோதிக்கிறார்.
என் எக்செல் கோப்பை,
கேட்டில் நிறுத்திய கூரியர் பையன் மாதிரி,
எந்த வீடு, யாரைப் பார்க்கணும் என்று
மூன்று நோட்டில் கையெழுத்து கேட்கிறார்கள்.
இவ்வளவும் நடக்க,
மானிட்டர் விளிம்பில் மஞ்சள் சீட்டில்
என் கடவுச்சொல்:
மகன் பெயர், பிறந்த வருடம்.
கேபிள்காரர் படித்துவிட்டு
"பையன் பேரு நல்லாருக்கே" என்றார்.

இழக்க என்னதான் இருக்கிறது என்று எண்ணினேன்.
பதினோரு பேரின் பான் எண்.
பல் விழுந்த சிரிப்போடு மகன், நாற்பது படம்.
புதியது, புதியது இரண்டு என்று காலிப் பெட்டிகள்.
அவருக்குச் சொல்லாத ஒரு சீட்டுக் கணக்கு.

பழைய கணினிக்கும் காவல் இருந்தது.
அப்போது தரைத்தளம்.
பதினைந்தாம் வருட டிசம்பரில்
எந்தக் கடவுச்சொல்லும் கேட்காமல்
தண்ணீர் ஸ்விட்ச் போர்டு வரை ஏறியபோது
சந்தாவில் நாற்பது நாள் பாக்கி.
பச்சை டிக்கோடு மூழ்கியது.

முதலாமவர் போதும்.
அவரை மட்டும் அவ்வப்போது புதுப்பித்து விடணும்.
கணக்கெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில்,
ஹார்ட் டிஸ்க் அக்கா வீட்டு பீரோவில்.
மஞ்சள் சீட்டைக் கிழித்தாயிற்று.
இரண்டாமவரை நீக்கப் போனால்
"ஏன் எங்களைப் பிரிகிறீர்கள்?" என்று
ஏழு காரணம் கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னார்.
"வேறு" என்பதைத் தொட்டேன்.

மூன்றாமவரிடம் வந்து கை நின்றது.
தினம் காலை அம்பத்தூர் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன்
ஷூ போட்ட காலோடு உள்ளே வந்து குனிந்து
அந்த டிக்கைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.
கணினிக்காகப் போட்டது இல்லை அது.
ராத்திரிச் சோதனையை மட்டும் நிறுத்தினேன்.
ஆறு நாள்தானே, இருக்கட்டும்.

அப்போது அவர் போன் அடித்தது. தெரியாத எண்.
உள்ளங்கையில் வைத்து, ஓயும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தார்.
மறுபடி அடித்தது. மறுபடி ஓய்ந்தது.
பிறகு கீழேயிருந்து ஒரு கத்தல்:
"சார்! சிலிண்டர்! போன் எடுக்க மாட்டீங்களா?"

தோளில் இரும்போடு இரண்டு மாடி ஏறி,
வேர்க்க விறுவிறுக்க வாசலில் இறக்கி,
பில்லை நீட்டினான் பையன்:
"ஓடிபி சொல்லுங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார்.