கால் திருப்பு

களியக்காவிளைச் சந்தையில் மீன் தீர்ந்து
ஐஸ் தண்ணீர் ஓடைக்குப் போகும் நேரம்.
மாடியறையில் கித்தாரின் வயிற்றைத் திறக்கிறேன்.
பதினொரு துளை, எட்டே திருகு.
மீதி மூன்றில் முன்னவன்
குடைக்கம்பியை நறுக்கிச் செருகியிருக்கிறான்.

பாறசாலை ரயிலடிக்குப் பின்னால் வாங்கியது,
நாலாயிரத்து எழுநூறு.
"ஒரு குழப்பவும் இல்ல" என்றான் விற்றவன்.
வீட்டில் ஆம்ப்பைப் போட்டதும்
ம்
என்றது.
உயிர் ஏறாத வெறும் மெய்.
எதிரே டிரான்ஸ்ஃபார்மர். கீழே மீன்கடைக் குளிர்ப்பெட்டி.
இவனோ ஒற்றைச் சுருள் பிக்கப்,
ஊரில் ஓடும் கரண்ட் எல்லாவற்றையும்
காது கொடுத்துக் கேட்கிறவன்.

கேரளத்தைப் பார்த்து உட்கார்ந்தால் முனகல் கூடும்.
நாகர்கோவிலைப் பார்த்தாலும் கூடும்.
முதுகைச் சன்னலுக்குக் காட்டி
குளியலறைக் கதவை நோக்கித் திரும்பினால் மட்டும்
அடங்கும்.
மேடையில் எந்தக் குளியலறையைப் பார்ப்பது?

"நாலாம் நம்பர்ல போடு மக்கா" என்றான்
கீபோர்டு வில்பின்.
கழுத்துச் சுருளும் நடுச்சுருளும் சேர்ந்து பேசும் இடம்.
நடுவில் இருப்பது எதிர்த்திசையில் சுற்றியது;
ஒரே முனகலை எதிரெதிராய் முனகி
ஒன்றை ஒன்று தின்றுவிடும்.
எல்லைக்கு இதை உவமை சொல்லலாம் என்று தோன்றியது.
வேண்டாம்.
செக்போஸ்ட்டில் எதுவும் எதையும் தின்று தீர்ப்பதில்லை.
லாரிகள் நிற்கின்றன, அவ்வளவுதான்.

உண்மையில் எனக்கு முனகல் பிரச்சினையே இல்லை.
பிரிஜிதாவின் குரலோரம் கொஞ்சம் மணல் உண்டு.
அதே இடத்தில்தான்
என் பிரிட்ஜ் பிக்கப்பும் கத்துகிறது.
போன ஞாயிறு இஞ்சிவிளையில்
மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்:
"ஒண்ணு நீ பாடு, இல்லேல் நான் பாடுதேன்."

டோனைக் குறைக்கலாம். ஆனால் மூன்றுக்குக் கீழே வந்தால்
நனைந்த கம்பளிக்குள் பாட்டு போய்விடும்.
கெப்பாசிட்டரை மாற்று என்றார்கள்.
டென்னிசன் அண்ணன் கடையில் கேட்டேன்.
"ஃபேனுக்கா, மோட்டாருக்கா?"
"டோனுக்கு."
"அது எத்தற வாட்டு?"
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தேடி எடுத்தார்,
புளியங்கொட்டை அளவில் ஒன்று:
புள்ளி பூஜ்யம் இரண்டு இரண்டு.
மூன்று ரூபாய். சில்லறை இல்லை,
ரெண்டாய்க் கொண்டு போ என்றார்.

பழையதைப் பிடுங்கி இதைப் பற்றவைத்தேன்.
ஈயப்புகை, கருவாட்டு மணத்தோடு
சமாதானமாய்ப் போய்விட்டது.
குமிழ் இப்போது நாலில் நின்றாலும்
கம்பியின் முகம் தெரிகிறது;
மேலே மட்டும் கொஞ்சம் இடம் காலி,
அவளுடைய ச-வுக்கும் ஷ-வுக்கும்.

இனி உயரம்.
கடைசிக் கட்டையை அழுத்திப் பிடித்து
கம்பிக்கும் காந்தத்துக்கும் இடையே
ஒரு ரூபாய்க் காசு இரண்டு நுழைய வேண்டும்.
கழுத்துப் பக்கம் ஆசை விடவில்லை.
இன்னும் தடிப்பான சத்தம் வரும் என்று
வலது பக்கம் கால் திருப்பு. மறுபடி கால்.
ஆறாம் கம்பியைக் காந்தம் பிடித்துக்கொண்டது:
ஒரு சுரம் மீட்டினால் இரண்டு தள்ளாடி வருகின்றன,
கள் குடித்த இரட்டையர் மாதிரி.

தட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
அடிப்பக்கம், அந்தத் திருகின் அருகே,
பழுத்துப்போன ஒட்டுநாடாவில்
பென்சிலால் மலையாளத்தில்
ஓர் அம்புக்குறி, ஒரு சொல்:
மதி.

எங்கள் தமிழ் வாத்தியார் படித்திருந்தால்
நிலா என்று பொருள் எழுதச் சொல்லியிருப்பார்.
இங்கே இரண்டாவது முறை சோறு வைக்க வரும்போது
இலைமேல் கைவிரித்துச் சொல்கிற சொல்.
குடைக்கம்பிக்காரா,
நீயும் இதே கால் திருப்பைக் கூடுதலாய்த் திருப்பித்தான்
எழுதினாயா?

இடது பக்கம் கால். இன்னொரு கால்.
கம்பி ஒற்றைக் குரலுக்கு வந்தது.

எட்டுத் திருகும் மூன்று குடைக்கம்பியும் போட்டு மூடினேன்.
கீழே வில்பின் ஹாரன் அடிக்கிறான்;
உதியன்குளங்கரையில் ஏழு மணிக்குக் கல்யாண வரவேற்பு.
ஆம்ப் இன்னும் ம் என்கிறது.
மிச்சமான கெப்பாசிட்டர் சட்டைப்பையில்.
காசு இரண்டையும் எடுக்க மறந்தேன்,
உள்ளே எங்கோ கிலுங்குகிறது.