இரண்டாம் நடுவருக்கு, அபிஷேகப்பட்டியிலிருந்து

ஐயா, அல்லது அம்மா,
உங்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.
மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள்:
"மாதிரி சீராக இல்லை.
காந்தம் ஒரு பகுதியிலும்
மீகடத்தல் வேறொரு பகுதியிலும் இருக்கக்கூடும்."

இருக்கக்கூடும்தான்.
நான் பிறந்த ஊரும் அப்படித்தான்.
மேலத்தெரு, கீழத்தெரு, நடுவில் ஓடைப்பாலம்.
வெளியாள் யாரும் கேட்டால்
ஒண்ணுமண்ணாத்தான் இருக்கோம் என்போம்.
வரைபடத்தில் ஒரே புள்ளி.

ஆகவே உங்கள் சந்தேகம்
உங்களுக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது.

ஹீலியம் ஏற்றிவந்த லாரி கயத்தாறில் நின்றுபோனது.
வால்வு கசிந்து பாதி
ஆடிக்காற்றோடு போயிற்று, காற்றாலைகளுக்கு நடுவே.
மிச்சம் ஓர் இரவுக்கு.
எபனேசர் பம்பைப் பார்த்துக்கொண்டான்.
நான் அணுக்கருக்களிடம் கேட்கத் தொடங்கினேன்.

குருணை அளவு படிகம்.
சீரியம், ரோடியம், இண்டியம்.
(சீரியம் எங்கள் கடற்கரைத் தாதுமணலிலும் கிடப்பதுதான்.
ரசீதில் ஊர் போடவில்லை.)
எல்லாத் திசையிலும் அழுத்திப் பிடித்துக் குளிர வைத்தோம்.

முதலில் காந்தம் வரிசை கட்டியது,
ஒன்று மேலே, அடுத்தது கீழே.
இன்னும் குளிர்ந்ததும் மின்தடை விழுந்தது.
குறைந்தது என்று எழுத மாட்டேன்,
இல்லாமல் போனது.

நாலேகாலுக்கு எபனேசர் கேட்டான்:
"அக்கா, காந்தம் செத்துட்டோ?"

சாகவில்லை.
இரண்டு தெரு என்றால்
இரண்டு விதமாய்ப் பதில் வந்திருக்கும்.
எண்ணி முடியாத இண்டியம் கருக்கள்,
காந்தம் பிளந்த தழும்பு அத்தனையிலும்.
ஜோடி சேர்ந்தபின் வரும் அமைதியும் அதே கருக்களில்.
ஒரே வளைகோடு.
இரண்டாவதை நான்கு முறை தேடினேன், உங்களுக்காக.

அதே எலக்ட்ரான்தான்.
வீட்டைவிட்டு நகராமல்
அண்டை வீட்டுக்கு எதிராய்த் திரும்பி நிற்பது அது.
துணையோடு தடையில்லாமல் ஊர் சுற்றுவதும் அதுவேதான்.
எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.
ஜோடியைப் பிரிக்கும் என்று நாம் பயந்த காந்தம்,
அதன் நடுக்கமே ஜோடியைக் கோர்க்கிறதாம்.
எனக்கு இன்னும் முழுதாய்ப் பிடிபடவில்லை,
ஆறாம் பக்கத்தில் அதையும் எழுதியிருக்கிறேன்.

விடியுமுன் ஹீலியம் தீர்ந்தது.
தடை திரும்பி வந்தது.
பிறகு காந்தமும் கலைந்து
சாதாரண உலோகத் துண்டாய்க் கிடந்தது.

ஏழு மணி பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.
டிக்கெட்டைக் கிழிக்குமுன் கண்டக்டர் கேட்டார்:
"எங்க இறங்கணும், மேலயா கீழயா?"

படம் நான்கைத் தயவுசெய்து பாருங்கள்.

இப்படிக்கு,
ச. பிரம்மசக்தி