காரணம் எழுதும் கட்டம்

பீனியா இரண்டாம் ஸ்டேஜில்
டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் கம்பெனியில்
பதினோரு வருடமாய்
மற்றவர் நோய்களுக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.

மாதம் எழுநூற்றைம்பது பிடித்தம்.
சம்பளச் சீட்டில் நலநிதி என்று ஒரு வரி.
பல் பிடுங்கினால் தரலாம், கண்ணாடிக்குத் தரலாம்,
பிரசவத்துக்கு, சர்க்கரை மாத்திரைக்கு.
பாம்புக்கடிக்குக்கூட ஒரு பிரிவு உண்டு,
இதுவரை யாரும் கேட்டு வந்ததில்லை.
அழகுக்காகச் செய்வதற்குக் கிடையாது.
அந்த முத்திரை என் இழுப்பறையில்தான் இருக்கிறது.
ஊதா மை.

போன ஜூலையில்
வைண்டிங் செக்ஷன் குருபசப்பா
ஒரு ஜிம் ரசீதை நீட்டினார்.
அவர் வந்து சேருமுன்பே தொப்பை வந்து
என் மேசை விளிம்பில் உட்கார்ந்துகொண்டது.
படிக்கவில்லை. அடித்தேன்.
நகலை நான்காக மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
சிரித்தார் என்றுதான் அன்று நினைத்தேன்.

இப்போது என் முறை.
எண்பத்தேழு கிலோ நானூறு கிராம்.
அந்த நானூறை விட்டுவிடலாமா என்று
பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன்,
கணக்கு எழுதுகிறவள் யோசிக்கக் கூடாததை.

மெட்ரோ படியில் பாதியில் நின்று
போனை எடுத்துப் பார்ப்பேன்.
எல்லா நிலையத்திலும் எனக்கு
வராத மெசேஜ் ஒன்று வந்திருக்கும்.
ஷேர் ஆட்டோக்காரர் என்னைக் கண்டதும்
"நடுவுல உக்காருங்க மேடம்" என்பார்,
தராசு பிடிக்கிறவர் போல.

ஜாலஹள்ளியில் மூன்று மாத வகுப்பு.
செவ்வாயும் சனியும்.
தின்றதை எழுத வேண்டும், நடந்ததை எழுத வேண்டும்,
வாரம் ஒருமுறை செருப்பைக் கழற்றி ஏறி நிற்க வேண்டும்.
பதினெட்டாயிரம், முழுசாய், முன்பணமாய்.
நலநிதியில் என் பெயரில்
இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கிறது.
மார்ச் முப்பத்தொன்று வரை அது என் பணம்.
ஏப்ரல் முதல் தேதி எழுந்து பார்த்தால்
யார் பணமும் இல்லை.

டாக்டர் ஹேமலதா ஷெட்டி
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு,
"என்ன எழுதட்டும்?" என்றார்,
தர்ஷினியில் கேட்பதுபோல்.
பருமன் என்றே எழுதலாமாம்.
அதுவும் நோய்தானாம், வெட்கமில்லையாம்.
நான் அவசரமாய் முட்டி என்றேன்.
முட்டிக்கு ஒரு மரியாதை இருக்கிறது.
முட்டி வலிக்கிறவளைப் பார்த்து
யாரும் கேசரிபாத்தைக் கணக்கெடுப்பதில்லை.

பொய்யில்லை, முட்டி வலிக்கிறது.
அழகுக்காகவும்தான், கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்தை எந்தப் பிரிவில் எழுத?

மாதிரிக்கு ஒரு பழைய படிவம் தேடி
ஜூலைக் கட்டைப் பிரித்தேன்.
குருபசப்பாவின் ரசீதுக்குப் பின்னால்
பின் குத்திய இன்னொரு காகிதம்.
நான் புரட்டாத பக்கம்.
உறக்கத்தில் மூச்சு நிற்கிறது,
இரவில் நாற்பது முறைக்கு மேல்,
எடை குறைக்காவிட்டால் ஆபத்து,
கையொப்பம், தேதி, அரசு ஆஸ்பத்திரி சீல்.
அதன் மேல் பாதி ஏறி
என் ஊதா மை.

இரண்டு படிவத்தையும் எடுத்துக்கொண்டு
ஷெட்டுக்குப் போனேன்.
அவருடையது மேலே, என்னுடையது அடியில்.
முட்டியை அடித்துவிட்டுப்
பருமன் என்று எழுதியிருந்தேன், நடக்கும்போதே,
எழுத்து கோணலாய்.

"அந்த ஜிம்மையே மூடிட்டாங்க மேடம்"
என்றார், தாமிரக் கம்பியிலிருந்து கண் எடுக்காமல்.
வேறு வகுப்பு இருக்கிறது என்றேன்.
சனிக்கிழமை என்றேன்.
பதில் இல்லை.
கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்.
ஒரு சுற்று தவறினாலும்
எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டும்.

வலது முட்டியிலிருந்த எடையை
இடது காலுக்கு மாற்றிக்கொண்டு
நின்றேன்,
அவர் எண்ணி முடிக்கட்டும் என்று.