வெளுக்காத எழுத்து

அந்தோஃபகாஸ்தாவில் மழை என்பது ஒரு வதந்தி.
வேனைக் கழுவ இரண்டே வாளி,
கடலிலிருந்து உப்பைப் பிரித்து
மீட்டர் வைத்து விற்கிற தண்ணீர்.
ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலசல்.
மிஞ்சியதைத் தெருப் புழுதிமேல் ஊற்றினால்
ஒரு மணி நேரம் புழுதி அடங்கியிருக்கும்.

ஸ்டிக்கரை நேற்றே உரித்துவிட்டேன்.
எலியானாவின் ஹேர் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கி
தூண்டில் நரம்பை உள்ளே விட்டு
அறுத்து, இழுத்து, அறுத்து.
பதினான்கு எழுத்தும் சுருண்டு தரையில் கிடந்தன.
ஆனால் எழுத்து போகவில்லை.

ஒன்பது வருட வெயில்
வேனை ரோஜா நிறமாக வெளுத்திருந்தது.
ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும்
வாங்கிய அன்றைய சிவப்பு
நிழலில் வளர்ந்த பிள்ளை மாதிரி.
கொதோய், நடுவில் ஒரு Y, பிறகு ஒசாந்தோன்.
குளிர்சாதனம் பழுதுபார்த்தவர்கள்.
ஒசாந்தோன் நான்.
கணக்கில் யார் பக்கம் பிசகு என்பது
எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்,
வேறு வேறாக.

சாயம் வெளுத்துப்போச்சு என்பார்கள்.
இங்கே வெளுக்காததுதான்
காட்டிக்கொடுக்கிறது.

கமன்சாக்கா, எங்கள் கடல்மூட்டம், விலகுமுன் தொடங்கினேன்.
தகடு சுடக்கூடாது, அதுதான் முதல் விதி.
கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு
வலப்பக்கத்தைத் தடவினேன்.
கண்ணுக்கு வழவழப்பு,
பைக்குள் இருக்கும் விரலுக்கு மட்டும் நறநற.
தாமிர ரயில் போகும்போது உதிர்த்த தூசி.
களிமண் கட்டியை நனைத்து உருட்டினேன்.
மாவு பிசைந்த கைபோல்
அது சாம்பல் நிறமானது.

பிறகு பாலிஷ்.
துணியில் சிவப்பு ஏறியது.
எதிர்வீட்டு விளாதிமிர் பதறினான்:
"கையில என்ன?"
பெயின்ட்தான். பழைய வேன்,
மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது,
தேய்த்தால் நிறமே கையோடு வரும்.
"விக்கப்போறியா?"
"இல்ல."
"பின்ன எதுக்கு?"
நான் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன்.

முதலில் கொதோய். ஐந்து எழுத்து, இரண்டு மணி நேரம்.
என் பெயரையும் விடவில்லை.
எட்டெழுத்து எனக்கு அதிகம் என்று
கொதோய் அப்போதே சொன்னான்,
எழுத்துக்கு இவ்வளவு என்று
அச்சுக்கடைக்காரன் காசு கேட்டபோது.

மிஞ்சியது நடுவிலிருந்த Y.
ஸ்பானிஷில் அது முழுச்சொல்:
இவனும் அவனும் என்பதில் வரும் 'உம்'.
இரண்டு பக்கமும் ஆளில்லாமல்
கவட்டை மாதிரி நின்றது.
தகட்டின் மடிப்பு அதன் காலை வெட்டிப் போகிறது.
மடிப்பில் பெயின்ட் மெல்லிசு.
தெரியும்.
தெரிந்தும் அழுத்தினேன்.

சிவப்பு,
மங்கிய சிவப்பு,
சட்டென்று சாம்பல்.
நகக்கண் அளவுக்குப் பிரைமர்.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
இனி அழுத்தினால் இரும்பு,
இரும்பு வந்தால் கடற்காற்று,
கடற்காற்றுக்குப் பொறுமை அதிகம்.
ஒரு சொட்டு சிவப்பு வேண்டும், இன்றே.
சுசுகியில் இந்த நிறத்தை நிறுத்திவிட்டார்கள்.
கடைசிக் குப்பி ஒன்று இருந்தது,
நெயில் பாலிஷ் அளவு,
மூடியோடு தூரிகை.
இருந்தது
அவனுடைய பெட்டியில்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு அழைத்தேன்.
"அந்தச் சிவப்புக் குப்பி உங்கிட்டயா?"
கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டது. புதுக் கம்ப்ரஸர்.
"எங்க பேந்துச்சு?"
"Y-ல."
சிரித்தானோ இருமினானோ.
"காஞ்சிருக்கும். தின்னர் விட்டுப் பாக்குறேன்" என்றான்.
வருகிறேன் என்று சொல்லவில்லை.

வெயில் சாய்வதற்குள் மெழுகு.
மெல்லிசாகப் பூசிக் காத்திருக்க வேண்டும்,
பாலாடை போல் மங்கும்வரை.
பிறகு துடைத்தால்
விளாதிமிரின் வீடு அதில் வளைந்து தெரியும்.
சாம்பல் இடத்தில் மட்டும் பூசவில்லை,
மெழுகின்மேல் பெயின்ட் ஒட்டாது.

இடப்பக்கத்தை இன்னும் தொடவேயில்லை.
அங்கே பதினான்கும் அப்படியே.
கையில் தெம்பில்லை என்று எலியானாவிடம் சொன்னேன்.
மீதி மெழுகை
அவற்றின் மேலேயே தடவி
காயவைத்து
துடைத்துவிட்டேன்.